தென்மேற்கு விரிப்பும் தென்மேற்குக் காற்றும்

இணையக் கடைகளில் ‘சவுத்வெஸ்டர்ன்’ என்ற அடைமொழியோடு விற்கப்படும் தரைவிரிப்பு, படிப்படியாய் ஏறி இறங்கும் சாய்சதுரங்களாலும், செம்மண், கருப்பு, மணல்வெள்ளை, நீலப்பச்சை ஆகிய நிறங்களாலும் எளிதில் அடையாளம் தெரிவது. அப்பெயரில் உள்ள தென்மேற்கு என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கு மூலை. அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா, கொலராடோ ஆகிய நான்கு மாநிலங்களின் எல்லைகள் ஒரே புள்ளியில் கூடும் அந்த மேட்டுநிலம் பெரும்பாலும் கடல்மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேல் அமைந்தது. அங்கே ஆண்டு மழை பல இடங்களில் 250 மில்லிமீட்டரை ஒட்டியே நின்றுவிடும், குளிர்காலத்தில் பனி விழும். தென்காசியிலோ குற்றாலத்திலோ குடியிருப்பவருக்கு அதே சொல் நினைவூட்டுவது இதற்கு நேர்மாறானதை: ஆனி பிறந்ததும் ஆரியங்காவுக் கணவாயின் வழியே மலையைத் தாண்டி வரும் பருவக்காற்றையும், அதோடு சேர்ந்து வரும் சாரலையும், அந்தச் சாரலில் இரண்டு நாள் கொடியில் கிடந்தும் காயாத துண்டையும். வறண்ட தென்மேற்கில் பிறந்த ஒரு பொருளை ஈரத் தென்மேற்கின் கூடத்தில் விரிக்க எண்ணுபவர், நிறத்தையும் கோலத்தையும் பார்ப்பதற்கு முன்னால் இந்த இரண்டு தென்மேற்குகளுக்கும் நடுவிலுள்ள தூரத்தை அளந்துகொள்வது நல்லது. வாங்குவோருக்கான வழிகாட்டிகள் இதைப் பேசுவதில்லை, ஏனெனில் அவை எழுதப்படும் ஊர்களில் சாரல் இல்லை.

இப்பாணிக்கு மூலவர்கள், தம்மைத் தினே என்று அழைத்துக்கொள்ளும் நவஹோ மக்கள். பருத்தியில் நெய்துவந்த அண்டைப் புவெப்லோ மக்களிடமிருந்து செங்குத்துத் தறியைக் கற்றுக்கொண்ட அவர்கள், 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கொண்டுவந்த சுர்ரோ என்னும் செம்மறி இனத்தின் நீண்ட, எண்ணெய்ப் பசை குறைந்த கம்பளியை அத்தறியில் ஏற்றினார்கள். அவர்கள் முதலில் நெய்தவை தரையில் போடுவதற்கானவை அல்ல. உடம்பில் போர்த்தவும், படுக்கவும், குதிரையின் முதுகில் சேணத்துக்கு அடியில் வைக்கவும், குடிலின் வாசலில் தொங்கவிடவும் பயன்பட்ட போர்வைகள் அவை. 1864இல் அமெரிக்க இராணுவம் அம்மக்களை ஊரைவிட்டு நடத்திச் சென்று போஸ்கே ரெடோண்டோவில் அடைத்து வைத்தது. 1868இல் ஏற்பட்ட உடன்படிக்கைக்குப் பிறகு அவர்கள் திரும்பி வந்தார்கள். 1880களில் இரயில் வந்தபோது, ஆலையில் செய்த மலிவான போர்வைகள் அவர்களிடம் வந்தன, அவர்களுடைய நெசவு கிழக்கு நகரங்களின் வீடுகளுக்குப் போனது. அங்கே போர்த்திக்கொள்ள ஆளில்லை. தரையில் போட ஆளிருந்தது. போர்வை தடித்து விரிப்பாக மாறியது இப்படித்தான்.

மாற்றியவர்களில் வணிகர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1878 முதல் கனாடோ என்ற ஊரில் கடை வைத்திருந்த ஹப்பல், ஆழ்ந்த சிவப்பு நிலத்தில் அமைந்த கோலங்களை விரும்பி வாங்கினார். அச்சிவப்புக்கு இன்றும் கனாடோ சிவப்பு என்றே பெயர். கிறிஸ்டல் என்ற ஊரில் கடை நடத்திய மூர், 1903இலும் 1911இலும் விலைப்பட்டியல் புத்தகங்களை அச்சிட்டு அஞ்சலில் விற்றார்; நாற்புறமும் கரை கட்டி நடுவில் பதக்கம் வைக்கும் அமைப்பு, கீழைநாட்டுக் கம்பளங்களைப் பார்த்துப் பழகிய வாங்குவோருக்காக அக்காலத்து வணிகர்கள் நெசவாளர்களிடம் கேட்டு வாங்கியது. டூ கிரே ஹில்ஸ் வட்டாரத்து நெசவில் மட்டும் சாயத்துக்குப் பெரிய இடமில்லை. ஆட்டின் இயல்பான வெள்ளை, பழுப்பு, சாம்பல், கருமை ஆகியவற்றைக் கலந்தே நிறம் அமைக்கப்பட்டது. ஆகவே ‘ஆயிரமாண்டுப் பழங்குடிக் கோலம்’ என்று விளம்பரம் கூவும்போது, வாங்குபவர் கொஞ்சம் சந்தேகத்தோடே அதை எடுத்துக்கொள்ள வேண்டும்; தரைவிரிப்பு என்ற வடிவில் இப்பாணியின் வயது நூற்றைம்பதைத் தாண்டாது, அதுவும் நெசவாளரும் வியாபாரியும் சேர்ந்து பேரம் பேசிப் பேசி உருவாக்கியது. இதனால் அதன் அழகு குறைந்துவிடவில்லை. காஞ்சிபுரத்துப் பட்டுக்கரைகளும் வாங்குவோரின் கண்ணுக்கேற்ப மாறிக்கொண்டேதான் வந்திருக்கின்றன.

படிப்படியான அந்தச் சாய்சதுரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள, நெசவின் இரண்டு சொற்கள் போதும். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்படும் நூல் பாவு. அதன் ஊடே குறுக்காகப் போய் வரும் நூல் ஊடை. நவஹோ நெசவில் ஊடை இழைகளை மிக நெருக்கமாக அடித்து இறக்குவதால் பாவு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுகிறது. நிறமும் உருவமும் முழுக்க ஊடையின் வேலையாகின்றன. ஒரு நிறத்து ஊடை முடியும் இடமும் அடுத்த நிறம் தொடங்கும் இடமும் பாவு இழையின் கணக்கிலேயே அமைவதால், சாய்கோடு ஒன்றை இழுக்க நினைத்தால் அது ஒவ்வொரு இழையாக நகர்ந்து படிக்கட்டாகத்தான் வரும்; வளைவு கொண்டுவருவது கடினம். அதாவது அந்தக் கோலத்தைத் தேர்ந்தெடுத்ததில் மனித மனத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ, தறியின் குணத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு. வாசலில் புள்ளி வைத்து நேர்கோடு இழுத்துக் கட்டம் கட்டும் கோலத்துக்குப் பழகிய கண்ணுக்கு இக்கோலம் அந்நியமாகப் படாததற்கும் இதுவே காரணம். இரண்டும் எண்ணிக்கையில் பிறந்த உருவங்கள்.

கடையில் கையில் கிடைப்பது எது என்பது வேறு கேள்வி. நவஹோ நெசவாளர் ஒருவர் நெய்த உண்மையான விரிப்பு இந்தியாவில் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கூடத்துக்கு வந்து சேர்வது அரிது. அதன் விலை கலைப்பொருளின் விலை. பழங்குடியினர் செய்யாத பொருளை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்பதை அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்குகிறது. ‘பாணி’ என்ற சொல் பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பதில் அச்சட்டத்துக்கும் பங்கு இருக்க வேண்டும். அந்தப் பாணியில் உலகச் சந்தைக்குப் போகும் விரிப்புகளில் கணிசமானவை இந்தியாவின் பானிப்பட்டிலும் பதோகி – மிர்சாப்பூர் வட்டாரத்திலும் நெய்யப்படுகின்றன என்பது இதிலுள்ள வேடிக்கை. அமெரிக்கப் பாலைவனத்தின் பெயரில் இணையத்தில் ஆணையிட்டு வரவழைக்கும் விரிப்பு உத்தரப் பிரதேசத்திலிருந்தோ ஹரியானாவிலிருந்தோ லாரி ஏறி வந்திருக்கலாம்.

அப்படி வந்ததைப் புரட்டிப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை சில. ஊடை முகம் காட்டும் கைநெசவில் முன்பக்கமும் பின்பக்கமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். பின்பக்கத்தில் பசை தடவித் துணி ஒட்டியிருந்தால் அது கைத்தறி அல்ல. மரபான நவஹோ விரிப்பில் குஞ்சம் இருக்காது, ஏனெனில் அங்கே பாவு நூல் அறுபடாமல் மேலும் கீழும் சுற்றிவரும் ஒரே நூல், தறியிலிருந்து வெட்டி இறக்க வேண்டியதில்லை. குஞ்சத்தோடு வருவது பாணியே தவிர மூலம் அல்ல. இழை எதனால் ஆனது என்று தெரியாவிட்டால் ஓரத்திலிருந்து ஒரு நூலைப் பிய்த்துத் தீக்குச்சியில் காட்டினால் போதும்: கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு பொடியாகும், பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும், பாலிபுரொப்பிலீன் என்னும் செயற்கை இழை உருகி உருண்டு கெட்டியாகும். ஈரமான வெள்ளைத் துணியால் சிவப்புப் பகுதியை அழுத்தித் தேய்த்துப் பார்ப்பதும் கட்டாயம். நாள்தோறும் தரை துடைக்கும் வீட்டில் சாயம் விடும் விரிப்பு ஒரே வாரத்தில் வெள்ளை டைல்ஸைக் கெடுத்துவிடும்.

இனி சாரலின் கதை. கம்பளியிழை தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு வரை நீராவியை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரம் தெரியாமல் இருக்க வல்லது. குளிரும் வறட்சியும் மாறி மாறி வரும் மேட்டுநிலத்தில் இது ஒரு வரம், ஏனெனில் இரவில் வாங்கியதைப் பகல் வெயில் எடுத்துவிடும். குற்றாலத்தில் ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் வெயில் தலைகாட்டுவதே ஒரு விருந்தாளி வருகை மாதிரி. அம்மாதங்களில் கம்பளி வாங்கிய ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்குகிறது, தொட்டுப் பார்ப்பவருக்கோ காய்ந்திருப்பதாகவே படுகிறது. காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டிப் பல நாள் நிற்கும்போது பூசணத்துக்கு வேறு அழைப்பு தேவையில்லை. மேல்பக்கத்தில் ஒன்றும் தெரியாது. விரிப்பின் மூலையைத் தூக்கினால் தரையை ஒட்டிய பக்கத்தில் சாம்பல் பூத்ததுபோல ஒரு படலமும், மூடிய அலமாரியைத் திறந்தால் வருமே அந்த ஓதவாடையும் இருக்கும். கம்பளி அரிக்கும் அந்துப்பூச்சியும் இருட்டும் அசையாமையும் உள்ள இடத்தையே தேடுகிறது. சோபாவுக்கு அடியில் ஆண்டு முழுவதும் கிடக்கும் விரிப்பின் பாதி அதற்கு ஏற்ற வீடு.

செயற்கை இழை நீரை வாங்குவதில்லை என்பதால் அதுவே தீர்வு என்று கடைக்காரர் சொல்லக்கூடும். பாதி உண்மை அது. ஆலையில் நெய்த பாலிபுரொப்பிலீன் விரிப்புகள் பலவற்றில் முகம் மட்டுமே பிளாஸ்டிக், முதுகுக்குக் கெட்டிமை தருவது சணல் நூல். சணல் ஈரத்தில் வலுவிழக்கும், பழுப்பேறும், நாறும். முதுகும் செயற்கையே என்றாலும், துடைத்த தரை காய்வதற்குள் மேலே விரித்துவிட்டால் அடியிலுள்ள நீர் போக இடமில்லை. வழுக்காமல் இருப்பதற்காக அடியில் ரப்பர் தடவிய விரிப்புகள் இதில் இன்னும் மோசம். தரையை மூச்சுமுட்ட வைத்து, நாளடைவில் டைல்ஸில் மஞ்சள் கறை படியச் செய்பவை. வழுக்கல் தடுக்க வேண்டுமானால் ஓட்டை ஓட்டையான ரப்பர் வலையைத் தனியாக வாங்கி அடியில் போடுவது மேல்.

குற்றாலத்துக்கே உரிய இன்னொரு சோதனையும் இருந்தது. அருவிகளில் எண்ணெய்க் குளியலுக்குத் தடை வருவதற்கு முன்பு, சீசனில் வரும் உறவினர் கூட்டம், அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, பேரருவியிலோ ஐந்தருவியிலோ குளித்து, தலை துவட்டியும் துவட்டாமலும் வீட்டுக்குள் நுழைந்தது. அப்போது உள்ளங்காலில் இருந்தது தண்ணீர் மட்டுமல்ல. தண்ணீர்த் தடம் காய்ந்தால் மறையும். நல்லெண்ணெய்த் தடம் மணல்வெள்ளை நிறத்துக் கம்பளியில் விழுந்தால், ஐந்து விரலும் குதிகாலும் தனித்தனியே தெரியும்படி நின்றுவிடும், அதன்மேல் தூசி ஒட்டி ஒரு மாதத்தில் கருத்துப்போகும். வாசலில் போடுவதற்கு இவ்வட்டாரத்தில் என்றைக்கும் தேங்காய்நார் மிதியடியே ஏற்றது. 1859இல் ஆலப்புழையில் முதல் தேங்காய்நார்த் தொழிற்சாலை தொடங்கிய நாளிலிருந்து மலைக்கு அந்தப்பக்கம் பெருந்தொழிலாக வளர்ந்த அந்த நார், ஈரத்தில் எளிதில் மக்காது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்த செங்கோட்டையில் மலைக்கு அந்தப்பக்கத்தோடான உறவு இன்னும் நெருக்கமானது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் பழக்கம் சார்ந்த ஒரு வேறுபாடு இருக்கிறது. மேலைநாட்டு வீட்டில் தரைவிரிப்பு என்பது ஒருமுறை போட்டால் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும் பொருள், மேசை நாற்காலிகளே அதன்மேல் ஏறி உட்காரும். தமிழ் வீட்டில் விரிப்பு என்பது பெயருக்கேற்ப விரிக்கப்படுவது. வேலை முடிந்ததும் சுருட்டப்படுவது. படுக்கப் பாய், உட்கார்ந்து உண்ணத் தடுக்கு, வரிசையாய் இலை போடப் பந்திப்பாய், நாலு பேர் வந்தால் சமுக்காளம் என்று நேரத்துக்கும் ஆளுக்கும் தக்கபடி எடுத்து விரித்து, பெருக்குவதற்கு முன்னால் சுருட்டி மூலையில் நிறுத்திவிடுவதால், தரை ஒவ்வொரு நாளும் வெளிச்சத்தையும் காற்றையும் பார்க்கிறது, விரிப்பும் பார்க்கிறது. சாரல் அடிக்கும் ஊரில் இவ்வழக்கம் வெறும் இடநெருக்கடியால் வந்தது என்று நினைப்பது தவறு. ஈரத்தை வெல்வதற்கு இதைவிட மலிவான வழி இல்லை. எனவே தென்காசி வீட்டுக்கு விரிப்புத் தேர்ந்தெடுப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘வீட்டிலுள்ள ஒருவர் தனியாக இதைச் சுருட்டித் தூக்க முடியுமா?’ என்பதே. சதுர மீட்டருக்கு 2 கிலோ எடையுள்ள கம்பளி விரிப்பு ஐந்தடிக்கு எட்டடி அளவில் ஏறத்தாழ ஏழரைக் கிலோ வரும், சாரல் மாதத்தில் அதற்கும் மேல். அதே அளவுக் கோரைப்பாயை ஒரு சிறுமி அக்குளில் இடுக்கிக்கொண்டு மாடிக்கு ஏறிவிடுவாள்.

கோரைப்பாய் என்று பொதுவாகச் சொன்னாலும், தென்காசிக்காரருக்கு எட்டும் தூரத்தில் இருப்பது அதன் உச்சம். திருநெல்வேலிக்குப் போகும் இரயில் பாதையில் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் தாண்டிச் சேரன்மகாதேவியில் இறங்கினால், பத்தமடை பக்கத்தில் இருக்கிறது. 1887இல் சுவாமி சிவானந்தர் பிறந்த ஊர் என்றும், பாய் ஊர் என்றும் இரட்டைப் பெயர் அதற்கு. தாமிரபரணிக் கரையின் ஈரநிலத்தில் வளரும் கோரையைப் பச்சையாகவே அறுத்து, கீறி, வெயிலிலும் பனியிலும் உலர்த்தி, பிறகு ஓடும் நீரில் சில நாள் ஊறப்போட்டு, ஊறிப் பருத்த தண்டின் உள்ளீட்டுச் சோற்றை வழித்து, கத்தியால் மீண்டும் மீண்டும் மெல்லிய கீற்றாகக் கிழிப்பது நெசவுக்கு முந்திய வேலை. தறியில் உட்காரும் நேரத்தைவிட இதற்குப் பிடிக்கும் பொறுமை அதிகம். லெப்பைமார் குடும்பங்களில், பெரும்பாலும் பெண்கள் கையில், இந்நெசவு தலைமுறையாக இருந்துவருகிறது. தரையை ஒட்டி இழுத்துக் கட்டிய பாவு பருத்தி நூல், உயர்ந்த வகையில் பட்டு நூல். அதன் ஊடே ஒவ்வொரு கோரைக் கீற்றாகச் செருகி அச்சால் அடித்து நெருக்குகிறார்கள். அதாவது இங்கேயும் ஊடைதான் முகம், பாவு அடங்கி நிற்பது. கம்பளி இருக்கும் இடத்தில் புல் இருக்கிறது என்பது மட்டுமே வேறுபாடு. தரத்தை 100, 120, 140 என்று எண்ணால் சொல்வது வழக்கு. எண் கூடக் கூடக் கீற்று நூலாக மெலியும், பாய் துணியாகக் குழையும், விலையும் நாளும் ஏறும். மென்பாய் ஒன்று தறியிலிருந்து இறங்க வாரக்கணக்கில் ஆகும்.

அப்படிப்பட்ட மென்பாய் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்பது இவ்விஷயத்தில் பத்துக் கட்டுரைக்குச் சமம். வெளிச்சத்துக்கு எதிரே சற்றே சாய்த்துப் பிடித்தால், சாயமிடாத கோரையின் வெளிர்பச்சை கலந்த பொன்னிறத்தில் ஒரு மினுக்கம் ஓடும். விரல் நுனியால் குறுக்கே வருடினால் வழுவழுப்பும், நெடுக்கே வருடினால் மெல்லிய வரிவரியான தட்டலும் தெரியும். இரு முனைகளிலும் சிவப்பு, பச்சை, கருப்புப் பட்டைகள்; முன்காலத்தில் பதிமுகம் என்னும் சப்பங்கக் கட்டையைக் காய்ச்சி எடுத்த சிவப்பு, இன்று பெரும்பாலும் கடைச் சாயம். திருமணத்துக்கென்று சொல்லி நெய்யும் பாயில் மணமக்கள் பெயரும் நாளும் எழுத்தாக ஏறும். உற்றுப் பார்த்தால் அவ்வெழுத்துகளின் சுழிகள் வளையாமல், நவஹோவின் சாய்சதுரத்தைப் போலவே, படிப்படியாய் உடைந்து நிற்பதைக் காணலாம். ‘ண’வும் ‘ழ’வும் தறியிடம் பணிந்துபோன இடம் அது.

படிக்கட்டுச் சாய்சதுரத்தின் மேல் ஆசை வைத்தவருக்குக் கோரைப்பாயின் அமைதி போதாமல் போகலாம்; அவர் பார்க்க வேண்டிய இன்னொரு பொருள் பவானிச் சமுக்காளம். ஈரோடு மாவட்டத்தில் காவிரியும் பவானி ஆறும் கூடும் அவ்வூரில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆங்கிலேய ஆலைத்துணியின் போட்டியைச் சமாளிக்க ஜங்கமர் சமூகத்து நெசவாளர்கள் தடித்த பருத்தி நூலில் வண்ணப் பட்டைகளாக இதை நெய்யத் தொடங்கினார்கள். ஆலைப் போர்வை வந்ததும் நவஹோ நெசவு தரைக்கு இறங்கிய அதே காலம், அதே நெருக்கடி, ஏறத்தாழ அதே விடை. இதிலும் ஊடை பாவை மூடும், இரு பக்கமும் ஒன்றுபோலிருக்கும். பட்டை பட்டையான வகை ஒன்று, செயற்கைப் பட்டு நூலில் கரையும் உருவமும் கொண்ட வழவழப்பான வகை மற்றொன்று. தரைக்கு முதல் வகையே ஏற்றது, இரண்டாவது மேடைக்கும் போட்டோவுக்கும். 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்கீழ்ச் சமுக்காளம் கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட வகைகளில் ஒன்று. இருந்தும் விசைத்தறிப் போலிகள் அதே நிறத்தில் மெலிவாக வருகின்றன. மடித்துத் தூக்கிப் பார்த்தால் எடையே சொல்லிவிடும்: கைத்தறிச் சமுக்காளம் கையில் தொங்கும், போலி காற்றில் ஆடும். பத்தமடைப் பாய்க்கும் பவானிச் சமுக்காளத்துக்கும் புவிசார் குறியீடு உண்டு, அதாவது அந்தந்த ஊர் வட்டாரத்தில் அந்தந்த முறையில் செய்ததற்கே அப்பெயர் என்ற சட்டப் பாதுகாப்பு. வாங்கும்போது அதைக் கேட்டுப் பெறலாம். பருத்தி என்பதால் வீட்டிலேயே துவைக்க முடிவதும், எண்ணெய்த் தடம் சவுக்காரத்துக்கு அஞ்சுவதும் இதன் பெரும் பலம். சாரல் மாதத்தில் துவைத்தால் காய நான்கு நாள் ஆகும் என்பது அதற்குரிய விலை.

இவ்வளவுக்கும் பிறகு, அந்த அமெரிக்கச் சாயலே வேண்டும் என்பவர் மேல் குற்றம் ஒன்றும் இல்லை. ஆசைக்கு நியாயம் கேட்பது அழகல்ல. அவருக்கு ஏற்றது கம்பளியைவிடப் பருத்தியில் நெய்த, முடி எழும்பாத, ‘தரி’ எனப்படும் தட்டையான விரிப்பு வகை. அதே சாய்சதுரம், பாதி எடை, துவைக்கும் வசதி. நிறத்தைத் தீர்மானிக்க வேண்டியது தரை. தென்காசியின் பழைய வீடுகளில் இன்னும் மிச்சமிருக்கும் சிவப்பு ஆக்சைடு தரையில், தேங்காயெண்ணெய் தடவித் தடவி மெருகேறிய அந்தக் கருஞ்சிவப்பில், கனாடோ சிவப்பை விரிப்பது குங்குமத்தின் மேல் குங்குமம் வைப்பது. அங்கே டூ கிரே ஹில்ஸ் பாணியின் சாம்பலும் வெள்ளையும் பழுப்புமே எடுபடும், சாயமில்லாத கோரைப்பாய் அதைவிட எடுபடும். புதிய வீடுகளின் வெள்ளைப் பளபள டைல்ஸுக்கு மாறாகச் சிவப்பும் கருப்பும் கண்ணுக்கு ஓர் இருப்பிடம் தரும். ஆத்தங்குடிக் கல் பதித்த கூடத்தில் ஏற்கெனவே ஒரு கோலம் தரையில் இருக்கிறது; அதன்மேல் இன்னொரு கோலத்தைப் போட்டுச் சண்டை மூட்டுவதைவிட, ஒரே நிறப் பாய் போதும். அளவில் பொதுவாக நிகழும் தவறு சிறிதாக வாங்குவது: பத்துக்குப் பன்னிரண்டடிக் கூடத்தில் மூன்றுக்கு ஐந்தடி விரிப்பு, பெரிய இலையின் நடுவில் வைத்த ஒற்றை அப்பளம் போல இருக்கும். ஐந்துக்கு எட்டு என்றால் சோபாவின் முன்கால்கள் அதன்மேல் நிற்கும், தரையில் உட்காருபவர் நான்கைந்து பேருக்கும் இடமிருக்கும்.

தென்காசி வட்டாரத்தின் ஆண்டுக் கணக்கில் தை முதல் வைகாசி வரையே கம்பளி தரையில் கிடக்கத் தக்க காலம். ஆனி பிறப்பதற்கு முன்பே வெயிலில் தட்டி, பழைய வேட்டித் துணியில் சுற்றி, உள்ளே காய்ந்த வேப்பிலையும் ஓரிரு வசம்பும் வைத்துச் சுருட்டி மேலே ஏற்றிவிட வேண்டும். பிளாஸ்டிக் உறையில் சுற்றுவது ஈரத்தையும் சேர்த்துக் கட்டி வைப்பதாகும். பாச்சா உருண்டை பூச்சியைத் தடுக்கும், ஆனால் அவ்வாடை விரிப்பை விட்டுப் போக ஒரு பருவம் ஆகும். சாரல் ஓய்வதற்கும் ஐப்பசி மழை தொடங்குவதற்கும் நடுவே புரட்டாசியில் கிடைக்கும் சில வெயில் நாட்களில் ஒருமுறை பிரித்துக் காயவைப்பது நல்லது. கோரைப்பாய்க்கு இவ்வளவு உபசாரம் தேவையில்லை. ஆனால் ஈரத்தோடு சுருட்டினால் கரும்புள்ளி விழும், தடித்த வகையை மடித்தால் மடிப்பில் முறியும், கழுவவும் கூடாது, பிழிந்த துணியால் துடைத்து நிழலில் நிறுத்தினால் போதும்.

தரையில் போட மனம் வராத அளவுக்கு விலை கொடுத்து வாங்கிவிட்டவர், அதைச் சுவரில் மாட்டலாம். குடிலின் வாசலில் தொங்கிய போர்வைக்கு அது பழைய இடமே. மேற்குச் சுவர் மட்டும் வேண்டாம், சாரலின் முழு அடியும் அதன்மேல்தான், உள்பக்கம் ஆவணி வரை ஓதம் காத்திருக்கும். கிழக்கிலோ உள்சுவரிலோ, மேல் விளிம்பில் ஒரு மரச்சட்டம் தைத்து, சுவருக்கும் விரிப்புக்கும் நடுவே ஓர் அங்குலம் இடைவெளி விட்டு மாட்டினால், பின்னால் காற்று போய்வரும். பல்லியும் போய்வரும்.